ஃபேனை நிறுத்திவிட்டு மைக் வாங்கலாம்

அக்கா மகள் வீணை கற்றுக்கொள்கிறாள், பாடவும் செய்வாள். போன சித்திரையில் ஃபோன் செய்து, "மாமா, வீட்லயே ரெக்கார்ட் பண்ணலாம்னு இருக்கேன். எந்தக் கண்டென்சர் மைக் நல்லதுன்னு சொல்லுங்க, இன்னைக்கே ஆர்டர் போட்டுடறேன்" என்றாள். இன்றைக்கே என்று அவசரப்படுகிறவர்களிடம் நான் முதலில் மைக்கைப் பற்றிப் பேசுவதில்லை. "இப்ப உன் ரூம்ல ஃபேன் ஓடுதா?" என்று கேட்டேன். ஓடிக்கொண்டிருந்தது. அவள் பதில் சொல்வதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது.

அவர்கள் வீடு மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. ஃபோனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு மூன்று வேளை அளந்து அனுப்பச் சொன்னேன். இந்தச் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஒரு வேளையை இன்னொரு வேளையோடு ஒப்பிட அது போதும். பகலில் ஃபேன் ஓடும்போது 47 டெசிபல். ஃபேனை நிறுத்தினால் 40. கடைசி எலக்ட்ரிக் ட்ரெய்ன் போய், ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, ராத்திரி ஒன்றரை மணிக்கு எடுத்தபோது 29. மைக் தேர்வில் பாதியை இந்த மூன்று எண்களே முடித்துவிட்டன.

கண்டென்சர் மைக்கில் இருப்பது தங்கப்பூச்சு ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தட்டு. இரண்டும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி. குரல் பட்டுப் படலம் அசையும்போது இடைவெளி மாறுகிறது, மின்னழுத்தமும் அதோடு மாறுகிறது. மேடையில் நாம் பார்க்கும் டைனமிக் மைக்கில் படலத்தோடு ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்து ஆட வேண்டும். கண்டென்சரில் அந்தச் சுமை இல்லை. அதனால்தான் வீணையில் நகம் தந்தியைத் தொடும் நுனிச்சத்தம்வரை அதில் விழுகிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் அதே காரணத்தால்தான் விழுகிறது. உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்றுக்குக் கரண்ட் வேண்டும் என்பதால் கேபிள் வழியாகவே 48 வோல்ட் போகிறது. அதைத்தான் ஃபேன்டம் பவர் என்கிறார்கள். இந்த 48 வந்த கதை எனக்குப் பிடிக்கும். 1966இல் நோர்வே வானொலிக்கு நாய்மன் நிறுவனம் கேஎம் 84 மைக்கைக் கொண்டுபோனபோது, அந்த நிலையங்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இணைப்பு இருந்தது. இருப்பதையே பயன்படுத்திக்கொண்டார்கள். இன்று மாம்பலத்தில் வீணை வாசிக்கிற பெண்ணின் மைக்குக்கும் அதே கணக்கு.

அவள் அனுப்பிய பட்டியலில் பதினோரு மைக் இருந்தது. ஏழைத் தள்ளி நான்கை வைத்துக்கொண்டேன்: ஆடியோ டெக்னிகா ஏடி2020, அதன் அண்ணனான ஏடி2035, ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறை, நாய்மன் டிஎல்எம் 103. விலை அடிக்கடி மாறுவதால் ரூபாயில் எழுதப்போவதில்லை. ஏடி2020க்கு ஒரு பங்கு என்றால் ஏடி2035க்கு சுமார் ஒன்றரைப் பங்கு, என்டி1க்கு இரண்டு இரண்டரை. டிஎல்எம் 103 அவள் அப்பாவின் காதில் விழவே கூடாத தொகை. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற, கண்டென்சர் என்று பெட்டியில் மட்டும் எழுதிய கறுப்பு மைக்கை நானே ஒருமுறை வாங்கியிருக்கிறேன். 48 வோல்ட் கேட்கிற மைக்குக்குக் கம்ப்யூட்டரில் சொருகும் 3.5 மி.மீ. கேபிளைக் கொடுத்திருந்தார்கள். அந்தத் துளையிலிருந்து சில வோல்ட்தான் வரும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அந்த வகை பட்டியலிலேயே இல்லை.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது செல்ஃப் நாய்ஸ் என்ற எண்ணை. அறையில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லாவிட்டாலும் மைக் தானாகவே எழுப்பும் இரைச்சல் அது. ஏடி2020க்கு 20 டெசிபல், ஏடி2035க்கு 12, டிஎல்எம் 103க்கு 7, என்டி1க்கு 4. இருபது எங்கே, நான்கு எங்கே! கடைக்காரரும் யூட்யூப் தம்பிகளும் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறார்கள்.

டெசிபலை அப்படியே கூட்டக்கூடாது, சக்தியாக மாற்றித்தான் கூட்ட வேண்டும். நடுராத்திரியில் அவள் அறை, கணக்குக்காக, 30 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 டெசிபல் இரைச்சல் உள்ள மைக்கை வைத்தால் மொத்தம் 30.4. 12 உள்ளதை வைத்தால் 30.07. 4 உள்ளதை வைத்தால் 30.01. இரண்டரை மடங்கு விலை கொடுத்து அவள் வாங்கப்போவது 0.4 டெசிபல். பகலில் ஃபேன் ஓடும்போது அந்த 0.4கூட இல்லை, நான்கு மைக்கிலும் கேட்பது ஃபேன்தான். அறையை 20 டெசிபலுக்கு இறக்கினால் மட்டும் கதை மாறும். அப்போது ஏடி2020 மொத்தத்தை 23க்கு ஏற்றும், என்டி1 20.1லேயே நிற்கும். அந்த மூன்று டெசிபல் காதுக்குத் தெரியும். ஆனால் 20 டெசிபல் அறை என்பது ஒலிப்பதிவுக்கென்றே கட்டிய அறை. நம் ஃபிளாட்டில் அது நடக்காது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் மலிவானதையே வாங்கிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அறையின் இரைச்சல் பெரும்பாலும் அடித்தொண்டைச் சத்தம்: 'ஊம்' என்று முனகும் ஃபிரிட்ஜ், தூரத்து லாரி. மைக்கின் இரைச்சல் 'ஸ்ஸ்' என்று மேலே நிற்கும். ரெக்கார்ட் செய்தபின் கீழ்ச்சத்தத்தை வெட்டினால் 'ஊம்' போய்விடும், 'ஸ்ஸ்' அப்படியே மிச்சமிருக்கும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர் போட்டால் இன்னும் எழும். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாடினால் அது குரலுக்கு அடியில் மறைந்துவிடும்; பாட்டுக்கு ஏடி2020 போதும் என்று நான் சொல்வது அதனால்தான். வீணை வேறு. அதன் ஒலி சன்னம், மைக்கும் தள்ளித்தான் நிற்கும், ஒரு கமகம் ஓய்ந்து அடுத்த மீட்டு விழுவதற்குள் நீண்ட வால் ஒன்று தேயும். அந்த வாலில் 'ஸ்ஸ்' கேட்டால் அடுத்த முறையும் காது தானாக அதைத் தேடிப் போகும். வீணைக்கு 12 போதும், 4 இருந்தால் சௌகரியம், 20 வேண்டாம். என் கணக்கு இதுதான்.

கூடவே ஒன்று: உலகத்து ஸ்டூடியோக்கள் தலையில் தூக்கிவைக்கும் நாய்மன் யு87 ஏஐ மைக்கின் செல்ஃப் நாய்ஸ் 12. ஏடி2035இன் அதே எண். விலையில் இரண்டுக்கும் இடையே ஒரு மலையே இருக்கிறது. இந்த எண் சின்னதாக இருப்பது மட்டுமே தரம் என்றால் யு87 எப்போதோ மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டும்.

மிச்சமிருப்பது குரலின் நிறம். என்னுடைய ஏடி2020ஐயும் நண்பரிடம் இரவல் வாங்கிய ஏடி2035, என்டி1 இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ராத்திரி அவள் வீட்டுக்குப் போனேன். ஃபேன் இல்லை, ஏசி இல்லை, சித்திரை மாதம். அக்கா மோர் கொண்டுவந்து கதவருகில் வைத்துவிட்டுக் கொலுசு சத்தம் வராமல் நடந்துபோனாள். மூன்று மைக்கையும் ஒரே உயரத்தில் ஒட்டி வைத்து, ஒரே பல்லவியை ஒரே நேரத்தில் மூன்றிலும் எடுத்தோம். பிறகு சத்த அளவைச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். அளவைச் சமமாக்காமல் ஒப்பிட்டால் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும். இந்த ஏமாற்று எல்லோருக்கும் நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது.

ஏடி2020இல் குரல் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது, ஆனால் மேலே லேசாக மெலிந்திருந்தது. ச, ஸ வரும் இடங்களில் ஒரு கூர்மை. ஏடி2035இல் நெஞ்சுக்குரல் நிறைவாக வந்தது. என்டி1 எதையும் கூட்டாமல் குறைக்காமல் கொடுத்தது. "இதுல நான் பாடற மாதிரியே இருக்கு, அதான் பிடிக்கல" என்றாள். நியாயமான குறைதான். மூன்றாவது முறை கேட்டபோது அவளால் ஏடி2035ஐயும் என்டி1ஐயும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கும் இரண்டு தடவை தப்பியது.

அப்போது கவனித்த ஒன்று. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் 'பழம்' என்று சொல்லிப் பாருங்கள், காற்று அவ்வளவாக அடிக்காது. தமிழ்ப் பகரம் மூச்சை வெளியே தள்ளுவதில்லை. அவள் தமிழ்ப் பாட்டுப் பாடியபோது, மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் இல்லாமலே சமாளித்தோம். தெலுங்குக் கீர்த்தனைக்குப் போய் 'பக்தி', 'பஜன' என்று மூச்சோடு வரும் பகரங்கள் விழுந்ததும் மூன்று மைக்கிலும் 'தொப் தொப்' என்று அடித்தது. கர்நாடக சங்கீதம் பாடுகிறவர்கள் பாப் ஃபில்டரை மிச்சம்பிடிக்க வேண்டாம்.

டிஎல்எம் 103ஐ முன்பே ஒரு ஸ்டூடியோவில் கேட்டிருக்கிறேன். ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் சுமார் 4 டெசிபல் தூக்கிக் கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். மெத்தை வைத்த சுவருக்குள் அது தேவாமிர்தம். மொசைக் தரை, வெள்ளைச் சுவர், இரும்பு பீரோ உள்ள அறையில் அந்த நான்கு டெசிபலும் பீரோவின் கணகணப்புக்கும் சேர்ந்தே கிடைக்கும். காசு இருந்தாலும் அவள் வீட்டுக்கு நான் அதை வாங்கச் சொல்லமாட்டேன்.

ஆக, போட்டி ஏடி2035க்கும் என்டி1க்கும். இங்கே மைக்கின் விலையை மட்டும் பார்த்தால் தப்பாகப் போகும். ஏடி2035க்கு எக்ஸ்எல்ஆர் கேபிள் வேண்டும், 48 வோல்ட் கொடுத்து மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும். மைக்கோடு, அதிர்வு தாங்கும் பிடிப்பானான ஷாக் மவுண்ட் வரும். ஏடி2020இல் அதுவும் வராது, வெறும் ஸ்டாண்ட் பிடிப்பான்தான். என்டி1 ஐந்தாம் தலைமுறையில் ஷாக் மவுண்ட், பாப் ஃபில்டர், கேபிள்கள் எல்லாமே பெட்டிக்குள் இருக்கின்றன. அடியில் எக்ஸ்எல்ஆரும் யூஎஸ்பியும் இரண்டும் இருப்பதால் நேராக லேப்டாப்பில் சொருகலாம். யூஎஸ்பி வழியாக 32 பிட் ஃப்ளோட் என்ற வடிவத்தில் பதியலாம். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, தப்பாக வைத்துத் தாரஸ்தாயியில் அலறினாலும், மென்பொருள் அந்த வடிவத்தை ஏற்றால், பிறகு இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். தனியாகப் பாடுகிறவருக்கு, கதை படிக்கிறவருக்கு, பாட்காஸ்ட் செய்கிறவருக்கு எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தால் என்டி1தான் மலிவு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் என்டி1இல் ஹெட்ஃபோன் சொருகத் துளை இல்லை. கம்ப்யூட்டர் வழியாகத்தான் கேட்க வேண்டும். சுருதிப்பெட்டியை ஹெட்ஃபோனில் வைத்துக்கொண்டு பாடினால் தன் குரல் ஒரு கணம் பிந்தி வரும். பேச்சுக்குப் பரவாயில்லை, துரிதகாலத்தில் சுரம் பாடுகிறவருக்கு அது தலைவலி. இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் வசதி உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், யூஎஸ்பி மைக் ஒன்றுதான் ஒரு கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடும். இரண்டைச் சொருகி இரண்டையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டுவது வம்பு.

"ஒன் கூட யாராவது வாசிப்பாங்களா?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி ஒருத்தி மிருதங்கத்தோடு வருவாளாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும். இரண்டு பேர் என்றால் இரண்டு மைக் உள்ளே போகும் இன்டர்ஃபேஸ் தவிர்க்க முடியாதது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸ்களில் சோலோவுக்கு மைக் துளை ஒன்று, 2ஐ2இல் இரண்டு. இன்டர்ஃபேஸ் எப்படியும் வரப்போகிறது என்றானதும் என்டி1இன் யூஎஸ்பிக்கு அவள் வீட்டில் வேலை இல்லை. ஏடி2035 வாங்கி, மிச்சப் பணத்தை இன்டர்ஃபேஸிலும் ஹெட்ஃபோனிலும் போடுவது என்று முடிவானது. ஏடி2035இல் 10 டெசிபல் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது. மிருதங்கத்துக்கு முன்னால் வைத்து அவள் தோழி 'தீம்' என்று சாத்தினாலும் இன்டர்ஃபேஸின் விளக்கு சிவக்காது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் இன்னொரு சுவிட்சும் உண்டு. லாரி முனகலுக்கு அது நல்லது. மிருதங்கம் எடுக்கும்போது மறக்காமல் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் போய்விடும்.

கண்டென்சரே வேண்டாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. பகலில் மட்டுமே நேரம் கிடைக்கிறவர்கள் அதை யோசிக்கலாம். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் 'சுற்றுச்சத்தத்தை எடுக்காது' என்பார்கள். அது அரை உண்மை. ஒரே தூரத்தில், சத்தத்தைப் பிடிக்கும் திசையும் ஒன்றாக இருக்கும்படி வைத்தால் குரலுக்கும் ஃபேனுக்கும் உள்ள விகிதம் இரண்டு மைக்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், டைனமிக்கை உதட்டருகே வைத்துப் பாடலாம். 20 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ.க்கு வந்தால் குரல் 12 டெசிபல் ஏறும், ஃபேன் இருந்த இடத்திலேயே இருக்கும். பாட்காஸ்ட்காரர்கள் மொய்க்கும் எஸ்எம்7பிக்கும் இதே நியாயம்தான். ஆனால் அதன் வெளியீடு மிகச் சன்னம். ஏடி2020ஐவிட 22 டெசிபல் கீழே. இன்டர்ஃபேஸில் கெயின் போதாமல் முழுக்கத் திருகி, அதன் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. வீணையை எடுக்க இது எதுவும் உதவாது.

அறைக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு மைக்குக்கு இடையே இருந்த வித்தியாசத்தைவிட இது கொடுத்த வித்தியாசம் பெரிது. நடுவில் நின்று கை தட்டினால் 'ட்ரிங்' என்று ஒரு வால் கேட்டது. முட்டை அட்டை ஒட்டலாமா என்றார் அத்தான். முட்டை அட்டையால் பயனில்லை. மெல்லிய ஃபோம் தகடும் மேல்சத்தத்தை மட்டும் தின்றுவிட்டு அறையைப் பெட்டிக்குள் பேசுவதுபோல் ஆக்கிவிடும். பட்டுப்புடவைகள் தொங்கும் மர அலமாரியின் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி அவளை உட்காரவைத்தோம். தரையில் ஜமக்காளம் இரண்டு மடிப்பு. பக்கச் சுவரில் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திவைத்தோம். கை தட்டினோம், வால் போய்விட்டது. செலவு ஒன்றுமில்லை, மெத்தை தூக்கியதில் அத்தானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது தவிர.

மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். இந்த மைக்குகள் எல்லாம் கார்டியாய்ட் வகை, பின்பக்கம் காது மந்தம். முன்பக்கம் எது என்பதிலேயே பலர் தவறுகிறார்கள். மேடை மைக் பழக்கத்தில் உச்சந்தலையைப் பார்த்துப் பாடுவார்கள். இவற்றுக்குப் பக்கவாட்டில்தான் முகம். ரோட் மைக்கில் தங்கப்பொட்டு உள்ள பக்கம், ஆடியோ டெக்னிகாவில் சின்னம் உள்ள பக்கம். வீணைக்குக் குடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பார்த்தபடி வைத்தோம். இன்னும் கிட்டப் போனால் நகச்சத்தமும் மெட்டின் மேல் விரல் வழுக்கும் சத்தமும் ராகத்தைவிடப் பெரிதாகிவிடுகின்றன.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரக்காற்று படலத்தின் மேல் படிந்தால் கண்டென்சர் மைக் அப்பளம் பொரிப்பதுபோல் சத்தம் போடும். மழைக்காலத்தில் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் லேப்டாப் சார்ஜர் இருந்தால் வரும் 'ஹ்ம்ம்' சத்தத்துக்கு மைக்கைக் குறை சொல்லாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் எடுத்துப் பாருங்கள்.

பெட்டி வந்த அன்று அவளைப் பாடவிடவில்லை. மைக்கை மாட்டி, 48 வோல்ட் சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் பொறுத்து, மைக்கைப் போர்வையால் சுற்றி, கெயினை முழுக்க ஏற்றி ஒரு நிமிட மௌனத்தை ரெக்கார்ட் செய்யச் சொன்னேன். சீரான 'ஸ்ஸ்' வந்தால் சரி. நடுவில் 'டிக்' என்றோ, விட்டுவிட்டுப் பொரிகிற மாதிரியோ, அலை அலையாக ஏறி இறங்குகிற மாதிரியோ கேட்டால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் கேட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிந்த பிறகு போய் நின்றால், "ரூம்ல ஈரம் இருக்கும் சார்" என்பார் கடைக்காரர்.